குறைந்தது ஒரு ஏஸ்: 8/52 ஏன் தப்பு?

கேள்வி: 52 சீட்டுகளில் இரண்டை, திருப்பி வைக்காமல் எடுக்கிறோம். குறைந்தது ஒரு ஏஸ் வர நிகழ்தகவு என்ன? 4/52 + 4/52 = 8/52 போட்டேன். விடை 33/221 என்கிறார்கள். எங்கே பிசகு?

பதில்: இரண்டுமே ஏஸாக வருவதை இரண்டு முறை எண்ணிவிட்டீர்கள். 8/52 என்பது 34/221. இரண்டும் ஏஸ் என்பது 4/52 × 3/51 = 1/221. கழித்துப் பாருங்கள், 33/221 வந்துவிடும்.

பதில்: ‘குறைந்தது ஒன்று’ என்று பார்த்ததுமே நிரப்பு நிகழ்ச்சிக்கு, அதாவது ‘ஒன்றுமே வராதது’ என்பதற்குப் போங்கள். ஏஸே வராதது 48/52 × 47/51 = 188/221. ஒன்றிலிருந்து கழித்தால் முடிந்தது. இரண்டாவது பின்னத்திலும் 52 போடுவதுதான் பலரும் சறுக்கும் இடம்.

பதில்: கூடைப்பந்தில் ஒவ்வொரு ஃப்ரீ த்ரோவும் (யாரும் தடுக்காமல் வீசும் வீச்சு) கூடையில் விழ நிகழ்தகவு 0.7, வீச்சுகள் ஒன்றையொன்று சாராதவை என்று கொண்டால் சீட்டு மாதிரி எண்ணிக்கை குறையாது. மூன்றில் குறைந்தது ஒன்று: 1 − 0.3³ = 0.973. சரியாக இரண்டு: 3 × 0.7² × 0.3 = 0.441. அந்த 3-ஐ விட்டுவிடாதீர்கள். தவறும் வீச்சு முதலிலோ நடுவிலோ கடைசியிலோ வரலாம்.