லாதிக்கும் பீக்கோவும்: பிலிப்பைன்ஸ் பலகாரம் வீட்டில் செய்து பார்த்தவர்கள் வாருங்கள்

நான் முதலில் ஆரம்பிக்கிறேன். மணிலாவுக்குத் தெற்கே லகுனா மாகாணத்தில் லாஸ் பான்யோஸ் என்கிற ஊரில் நான்கு வருடம் இருந்தோம். அங்கே உள்ள பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் என் கணவருக்கு வேலை. எம்.எஸ்.சுவாமிநாதன் 1982 முதல் 1988 வரை தலைமை இயக்குநராக இருந்த இடம் என்று என் மாமனார் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அந்த ஊரில் அரிசிப் பலகாரங்களுக்குப் பொதுப்பெயர் ககானின். கனின் என்றால் சோறு. அதிலிருந்து வந்த சொல். வாழை இலை, தேங்காய், அரிசி, சர்க்கரை, இட்லி மாதிரி வெள்ளையாக ஆவியில் வெந்த பூத்தோ, இலையில் சுற்றிய சூமன்... சந்தையில் முதல் தடவை பார்த்தபோது, இதெல்லாம் நம் வீட்டில் செய்வதுதானே என்று தோன்றியது. அந்த நினைப்பில்தான் என் முதல் மூன்று முயற்சிகளும் வீணாயின.

நான் செய்ய ஆசைப்பட்டது பீக்கோ. அரிசியைத் தேங்காய்ப்பாலிலும் பழுப்புச் சர்க்கரையிலும் கிளறி, வாழை இலை விரித்த பிலாவில் பரப்பி, மேலே லாதிக் தூவுவார்கள். பிலாவ் என்பது மூங்கிலில் பின்னிய வட்டத் தட்டு. நம் சுளகை வட்டமாகப் பின்னினால் எப்படி இருக்கும், அப்படி. லாதிக் என்பது தேங்காய்ப்பால் வற்றி, எண்ணெய் பிரிந்து, அடியில் பொன்னிறமாகப் பொரிந்து நிற்கும் கசடு. நம் வீட்டில் நெய் உருக்கினால் அடியில் தங்குமே, அதைத் தின்றவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். விசயாஸ் தீவுகளில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகைத்தான் லாதிக் என்பார்கள். பெயரை மட்டும் நம்பிச் செய்முறை தேடினால் குழப்பம்தான்.

சர்க்கரைப் பொங்கல் பழக்கத்தில் முதல் தடவை சாதா அரிசியைக் குழைய வேகவைத்தேன். கட்டியாக நின்றதே தவிர இழுபடவில்லை. இரண்டாவது தடவை சரியான அரிசி வாங்கினேன். மலக்கிட் என்பார்கள், ஒட்டுகிற அரிசி. ஆனால் ஒரு கப்புக்கு இரண்டரை கப் தண்ணீர் வைத்துவிட்டேன், பசையாகிவிட்டது. மூன்றாவது தடவை அட்டைப்பெட்டியில் வரும் தேங்காய்ப்பாலை முக்கால் மணி நேரம் காய்ச்சியும் எண்ணெயே பிரியவில்லை. பால் பிரிந்துவிடாமல் இருக்கத்தான் அதில் ஏதோ சேர்க்கிறார்கள் என்று பிறகுதான் தெரிந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு பாட்டி இருந்தார். தெருவே அவரை லோலா என்றுதான் கூப்பிடும், பாட்டி என்று அர்த்தம். கிறிஸ்துமஸுக்கு முன்னால், டிசம்பர் 16 முதல் 24 வரை சர்ச்சில் விடியற்காலைப் பூசை நடக்கும், சிம்பாங் கபி என்று பெயர். நம் மார்கழிக் காலை மாதிரி இருட்டிலேயே ஊர் எழுந்துவிடும். கோயில் வாசலில் மண்சட்டியில் வாழை இலை போட்டு, மேலேயும் கீழேயும் கரித்தணல் வைத்து பிபிங்கா என்கிற அரிசி மாவு அப்பம் சுடுவார்கள். அந்த இலை கருகும் வாசனைக்காகவே நான் லோலாவோடு போவேன். அப்படி ஒரு நாள் திரும்பி வரும்போது என் பீக்கோ கதையைச் சொன்னேன். "நாளைக்கு வா, அனாக்" என்றார். அனாக் என்றால் பிள்ளை.

போனேன். அட்டைப்பெட்டிப் பாலை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, மூன்று முற்றின தேங்காயை எடுத்துக்கொண்டு துருவுபலகையில் உட்கார்ந்தார். அச்சு அசலாக என் அம்மாச்சி வீட்டுப் பலகை. அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்துப் பிழிந்த முதல் பால் லாதிக்குக்கு. அதைக் ககாங் கதா என்கிறார்கள். இரண்டாம் பால் பாகுக்கு.

ஊறிய மலக்கிட் இரண்டு கப்புக்கு நான் வைத்த தண்ணீரில் பாதியை அவரே மொண்டு கொட்டினார். இரண்டு கப்புக்கு இரண்டு கப் போதும். அரிசி மறுபடி பாகில் வேக வேண்டும், அதனால் முதல் வேக்காட்டில் கொஞ்சம் விறைப்பாக இருக்கணும். சோறு வேகும்போது பாண்டான் இலை ஒன்றை முடிச்சுப்போட்டுப் போட்டார். நம் ரம்பை இலைதான் அது. நான் ஏலக்காயை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டார். நெய்யும் கூடாது. லாதிக்கில் பிரிந்த எண்ணெயைத்தான் வாட்டிய இலையில் தடவினார். இரண்டாம் பாலும், ஒன்றரை கப் பழுப்புச் சர்க்கரையும், அரை ஸ்பூன் உப்பும் கொதித்துக் கரண்டியில் பூசினாற்போல் ஆனதும் சோற்றைக் கொட்டி அரை மணி நேரம் கிளறினோம். தோள் வலித்து நான் வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் "தஹன்-தஹன் லங்" என்பார். மெதுவா, மெதுவா. வேகமாகக் கிண்டினால் பருக்கை உடைந்து களியாகிவிடும்.

புத்தாண்டு இரவில் இந்த மாதிரி ஒட்டுகிற பலகாரம் மேசையில் இருந்தால் குடும்பமும் ஒட்டிக்கொண்டே இருக்கும் என்று அங்கே நம்பிக்கை. அந்த வருடம் எங்கள் வீட்டுத் தட்டும் லோலா வீட்டு மேசைக்குப் போனது.

இப்போது சென்னையில் இருக்கிறேன். ஒட்டும் அரிசி கிடைக்கிறது, தாய்லாந்து அரிசி. பழுப்புச் சர்க்கரைக்குப் பதில் நாட்டுச் சர்க்கரை நன்றாகவே வருகிறது. வெல்லம் போட்டால் சர்க்கரைப் பொங்கல் வாசனை வந்துவிடுகிறது, வேண்டாம். நீங்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

* * *

காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன் அக்கா. ஒட்டும் அரிசிக்குத் தாய்லாந்து வரை போக வேண்டுமா? எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் கவுனி அரிசி இனிப்பு இல்லாமல் விருந்தே கிடையாது. பர்மாவுக்குப் போன செட்டியார்களோடு வந்த அரிசி, கறுப்பாக இருக்கும், வெந்தால் ஊதாவாகி ஒட்டும்.

என் தம்பி மனைவி பிலிப்பைன்ஸ் பெண், இலோய்லோ ஊர். கிறிஸ்துமஸுக்கு இங்கே வந்தபோது பூத்தோ பும்போங் சாப்பிட ஆசையாக இருக்கிறது என்றாள். பிருருத்தோங் என்று ஒரு ஊதா அரிசி, அதை மூங்கில் குழலில் அடைத்து ஆவியில் வைப்பார்களாம். பும்போங் என்றால் அந்தக் குழல். பூத்தோ, புட்டு, குழல்... எனக்கு ஒரே சந்தோஷம். என் புட்டுக்குழலை எடுத்துக் கழுவி வைத்தேன்.

கவுனியை மாவாகத் திரித்து, நம் புட்டுக்குப் போலத் தண்ணீர் தெளித்துப் பிசிறி, குழலில் போட்டேன். ஆவி மேலேயே வரவில்லை. குத்தி எடுத்தால் வெளியே பிசின், உள்ளே பச்சை மாவு. ஒட்டும் அரிசி மாவு ஆவி பட்டதும் இறுகி வழியை அடைத்துக்கொள்கிறது. புட்டு மாவு அப்படிச் செய்யாது.

அவள் தன் அம்மாவைப் போனில் கேட்டு, மறுநாள் வேறு மாதிரி செய்தாள். கவுனி ஒரு பங்கு, வெள்ளை ஒட்டும் அரிசி மூன்று பங்கு, இரவெல்லாம் ஊற வைத்து கிரைண்டரில் அரைத்தோம். மாவை வேட்டித் துணியில் கட்டி, மேலே அம்மிக் குழவியை வைத்து ராத்திரி முழுக்கத் தண்ணீரை வடியவிட்டாள். காலையில் சீஸ் கட்டி மாதிரி இருந்ததைப் பெரிய கண் சல்லடையில் தேய்த்து உதிர்த்து, குழலில் அழுத்தாமல் தளரப் போட்டாள். ஐந்தாறு நிமிஷத்தில் ஆவி தலைவழியே வந்துவிட்டது. குத்தியதும் சுருள்சுருளாக ஊதாக் குச்சி இலையில் விழுந்தது. மேலே வெண்ணெய், நாட்டுச் சர்க்கரை, தேங்காய்த் துருவல்.

ஒரு வாய் எடுத்துவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் எழுந்து வந்து என் அம்மாவின் கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டாள். அங்கே பெரியவர்களிடம் அப்படித்தான் ஆசி வாங்குவார்களாம். அம்மாவுக்கு அது தெரியாது. ஆனாலும் "நல்லா இரு ஆத்தா" என்றார்.

* * *

துபாயில் இருக்கிறேன். என் அறைத்தோழி செபு தீவுக்காரி, செவிலியர். அவளிடமிருந்து நான் கற்றது பலித்தாவ். மாவை உருட்டித் தட்டி, கொதிக்கிற தண்ணீரில் போட்டால் மூழ்கி, வெந்ததும் மேலே மிதந்து வரும். லித்தாவ் என்றால் மேலே தெரிவது.

ஒரு வெள்ளிக்கிழமை கடையில் ஒட்டும் அரிசி மாவு தீர்ந்துபோயிருந்தது. வீட்டில் இருந்த இடியாப்ப மாவில் செய்தேன். ஒன்றுகூட மிதக்கவில்லை. பாத்திரம் முழுக்கக் கஞ்சி.

சரியான மாவில் செய்யும்போதும் ஒன்று கவனிக்கணும். வெந்ததை எடுத்ததும் ஈரத்தோடு தேங்காய்த் துருவலில் புரட்டிவிடலாம். எள்ளும் சர்க்கரையும் மட்டும் சாப்பிடும் நேரத்தில்தான். முன்கூட்டிப் போட்டால் சர்க்கரை நீர்விட்டு எல்லாம் கொழகொழவென்று ஆகிவிடும். நான் எள்ளைச் சிவக்க வறுத்து ஒன்றிரண்டாக இடித்துக்கொள்கிறேன். எள்ளுருண்டை வாசனை வரும். இரவு ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட இதைவிட நல்ல பலகாரம் எனக்குத் தெரியாது.

* * *

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப ஸ்காபரோ. எங்கட வேலையிடத்தில் பாதிப் பேர் பிலிப்பீனோ ஆக்கள். ஒருத்தி கண்ணாடிப் போத்தலில் கடும் ஊதா நிறத்தில் ஒரு இனிப்புக் கொண்டுவந்து தந்தாள், உபே ஹலாயா எண்டு. ஒரு கரண்டி வாயில் வைத்ததும் எனக்கு அம்மாவின்ர அடுப்படி நினைவு வந்துவிட்டது. அது எங்கட ராசவள்ளிக் கிழங்கு. அதே கொடிக் கிழங்கு, அதே நிறம்.

நாங்கள் ராசவள்ளியை அவித்து, மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கூழாகக் காய்ச்சிக் கிண்ணத்தில் குடிக்கிற பதத்தில் எடுப்பம். அவர்கள் துருவி அல்லது மசித்து, டின்பாலும் வெண்ணெயும் போட்டு, சட்டியில் ஒட்டாமல் திரண்டு வரும் மட்டும் கிண்டுவார்கள். எங்கட பதத்தில் நிறுத்திப்போட்டு, ஹலாயா ஏன் இறுகவில்லை எண்டு இரண்டு நாள் குளிர்ப்பெட்டியில் வைத்துப் பார்த்தேன். இறுகாது. அடுப்பிலேயே தண்ணி போக வேண்டும். அடிகனமான சட்டி, மரக்கரண்டி, சிறு நெருப்பு, ஒரு மணித்தியாலம். கரண்டியால் நடுவில் கோடு இழுத்தால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும்.

கிழங்கு தோல் சீவும்போது கை கடிக்கும். கையுறை போடுங்கோ. தமிழ்க் கடை உறைபெட்டியில் இருக்கும் ராசவள்ளியில் செய்து அவளுக்குக் கொடுத்தேன். தன்ர அம்மம்மா செய்ததுபோல இருக்கு எண்டு போத்தலைத் திருப்பித் தரவேயில்லை. அடுத்த கிழமை எங்கட கூழையும் கொண்டுபோனன். அதைச் சூடாகக் குடித்துவிட்டு, ஊரில் பெரிய வெள்ளி வாரத்தில் தேங்காய்ப்பாலில் கிழங்கும் வாழைப்பழமும் சவ்வரிசியும் போட்டுக் காய்ச்சும் பினிக்னித் இப்படித்தான் இருக்கும் எண்டு சொன்னாள். அதையும் படிக்க வேணும்.

* * *

அக்கா, நான் பிலிப்பைன்ஸில் தாவா நகரில் மருத்துவம் படிக்கிறேன், மூன்றாம் வருடம். சொந்த ஊர் திண்டுக்கல். இங்கே சந்தையில் விடியற்காலையில் பூத்தோ மாயாவும் சிக்வாத்தேயும் கிடைக்கும். பூத்தோ என்று பெயர் இருந்தாலும் அது ஆவியில் வெந்த ஒட்டும் சோறு. தேங்காய்ப்பாலும் இஞ்சியும் சேர்ந்தது. சிக்வாத்தே என்பது வறுத்து அரைத்த கொக்கோ வில்லையைக் கரைத்த கெட்டிப் பானம். 2021இல் சட்டமே போட்டுத் தாவாவைச் சாக்லேட் தலைநகர் என்று அறிவித்திருக்கிறார்கள். மாம்பழ சீசனில் ஒரு துண்டு மாம்பழமும் வைப்பார்கள். தேர்வு நாட்களில் எனக்கு அதுதான் காலை உணவு.

பூத்தோ மாயாவை அறையில் ரைஸ் குக்கரிலேயே செய்துவிடுகிறேன். ஊறிய அரிசியைத் துணியில் கட்டி இட்லி மாதிரி ஆவியில் வைத்து, பாதி வெந்ததும் எடுத்து இஞ்சி தட்டிப்போட்ட தேங்காய்ப்பாலில் பிரட்டி, மறுபடி ஆவிக்கு. ஆனால் லாதிக் மட்டும் இரண்டு தடவையும் கருகிக் கசந்துவிட்டது. நல்ல பொன்னிறம் வந்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். எப்போது இறக்குவது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

* * *

தம்பி, பொன்னிறம் வரும்வரை காத்திருந்ததால்தான் கருகியது. அணைத்த பிறகும் சூட்டு எண்ணெயில் அது வறுபட்டுக்கொண்டே இருக்கும். வெளிர் மஞ்சளாக இருக்கும்போதே வடிகட்டியில் கொட்டிவிடு. எண்ணெயை ஊற்றிவிடாதே, அதில் முட்டை பொரித்துப் பார்.

நிறத்தைவிடக் காதை நம்பலாம் என்று லோலா காட்டினார். அவருக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, சட்டிக்குள் எட்டியே பார்க்கமாட்டார். முதல் அரை மணி நேரம் பால் களகளவென்று சாதாரணமாகக் கொதிக்கும். அப்புறம் எண்ணெய் பிரிய ஆரம்பித்ததும் சடசடவென்று சத்தம் மாறும். அப்போதிலிருந்து கரண்டியை எடுக்கக் கூடாது, அடியைச் சுரண்டிக்கொண்டே இரு. கசடில் இருக்கும் தண்ணீர் போகப்போக அந்தச் சடசடப்பு சிறுத்துக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் நாலைந்து குமிழிதான் மிச்சம் இருக்கும். சட்டி அமைதியானதும் இறக்கிவிடு.