ஆபீஸ் பிரிண்டர்ல எல்லாருக்கும் கறுப்பு வெள்ளையே டிஃபால்ட்டா வர என்ன பண்ணணும்?

மஞ்சக்குப்பம்_கணக்கு:
கடலூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ். கலர் லேசர் பிரிண்டர் ஒண்ணு, முன் ரூம் கம்ப்யூட்டர்ல மாட்டி எல்லாருக்கும் ஷேர் பண்ணிருக்கு. எல்லாமே விண்டோஸ் 10. கலர் தேவைப்படறது லோனுக்குப் போற ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு மட்டும்தான். மத்தபடி பேலன்ஸ் ஷீட், ஜிஎஸ்டி ரிட்டர்ன், கட்டுக்கட்டா பேங்க் ஸ்டேட்மென்ட். அந்த ஸ்டேட்மென்ட்ல பக்கத்துக்குப் பக்கம் நீல லோகோ. செப்டம்பர் டாக்ஸ் ஆடிட் நெருக்கத்துல கறுப்பு டோனர் பாதி இருக்கும்போதே சயான் (நீல டோனர்) தீர்ந்துபோகுது. பில் வந்தா சார் என்னைத்தான் கூப்பிடறார்.

பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்ல மாத்திப் பார்த்தேன், என் மெஷினுக்கு மட்டும்தான் மாறுது. "பார்த்து பிரிண்ட் கொடுக்கவும்"னு மேல ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கு. அதையும் யாரோ சிவப்பு எழுத்துல கலர்லயே அடிச்சிருக்காங்க!

லாஸ்பேட்டை_சிஸ்டம்ஸ்:
ப்ரிஃபரன்சஸ் அவங்கவங்க லாகினுக்கு மட்டும்தாங்க. பிரிண்டர் மாட்டியிருக்கற அந்த முன் ரூம் கம்ப்யூட்டர்லயே அட்மினா போங்க. பிரிண்டர் ப்ராப்பர்டீஸ், அதுல அட்வான்ஸ்டு டேப், கீழ பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்னு ஒரு பட்டன். அங்க கிரேஸ்கேல் வைங்க. சில டிரைவர்ல 'பிளாக் ஒன்லி'னு தனியா கேக்கும், அதையும் எடுத்துக்கோங்க. இல்லாட்டி சாம்பல் நிறத்துக்குக்கூட கலர் டோனரைக் கலந்து அடிக்கற மெஷின் உண்டு.

ஏற்கெனவே செட்டிங் மாத்தி வச்சிருக்கறவங்களுக்கு இது போய்ச் சேராம இருக்கலாம். அவங்க கம்ப்யூட்டர்ல பிரிண்டரை ரிமூவ் பண்ணிட்டு மறுபடி சேருங்க.

மஞ்சக்குப்பம்_கணக்கு:
நன்றிங்க, பண்ணியாச்சு. எல்லாருக்கும் கறுப்புல வருது. ஆனா ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பார்க்கற அக்கா ஒவ்வொரு தடவையும் கலருக்கு மாத்தணுமான்னு கேக்கறாங்க. அவங்க கேக்கறதும் நியாயம்தான்.

பாண்டி_பிரிண்ட்:
ஒரே மெஷினை ரெண்டு பேர்ல சேர்த்துடுங்க. ஆட் பிரிண்டர்ல 'யூஸ் ஆன் எக்ஸிஸ்டிங் போர்ட்' எடுத்து, இப்ப இருக்கற அதே போர்ட், அதே டிரைவர். பேர் மட்டும் 'கலர்'னு வேற. அதோட டிஃபால்ட்ஸ்ல கலர் வச்சு ஷேர் பண்ணுங்க. செக்யூரிட்டி டேப்ல 'எவ்ரிஒன்'ங்கறதை நீக்கிட்டு அந்த அக்காவோட லாகினுக்கு மட்டும் பிரிண்ட் பர்மிஷன் கொடுத்தா வேற யாரும் தொட முடியாது. டொமைன் (எல்லார் லாகினையும் ஒரே சர்வர்ல வச்சுப் பார்க்கற ஏற்பாடு) இல்லாத ஆபீஸ்னா முன் ரூம் கம்ப்யூட்டர்லயும் அவங்க பேர்ல, அதே பாஸ்வேர்டோட ஒரு யூசர் இருக்கணும்.

இன்னொண்ணு. அக்கா கம்ப்யூட்டர்ல செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ் பக்கம் போய் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' டிக்கை எடுத்துடுங்க. அது இருந்தா கடைசியா எதுல அடிச்சாங்களோ அதையே டிஃபால்ட்டாக்கிடும். காலைல ஒரு ரிப்போர்ட் கலர்ல போச்சுன்னா அப்புறம் போற அத்தனையும் கலர்தான்.

லாஸ்பேட்டை_சிஸ்டம்ஸ்:
பாண்டி சொல்றதுதான் சரி. எக்செல்லையும் கவனிங்க. பழைய ஃபைல்ல அப்போ வச்ச பிரிண்டர் செட்டிங்கும் சேர்ந்தே சேவ் ஆகியிருக்கும். போன வருஷ பேலன்ஸ் ஷீட்டைக் காப்பி பண்ணி வேலை பார்த்தா மறுபடி கலர் வரலாம். பேஜ் செட்டப், ஷீட் டேப்ல 'பிளாக் அண்ட் ஒயிட்' டிக் போடுங்க. ஒவ்வொரு ஷீட்டுக்கும் தனித்தனியா போடணும்.

மஞ்சக்குப்பம்_கணக்கு:
அதேதான்! ரெண்டு க்ளையன்ட் ஃபைல் மட்டும் இன்னும் பச்சைக் கட்டத்தோட வந்துச்சு, டிக் போட்டதும் நின்னுடுச்சு. பாண்டி சொன்ன 'கலர்' பிரிண்டரை திங்கட்கிழமை சேர்க்கறேன், இன்னிக்கு முன் ரூம் கம்ப்யூட்டரை யாரும் விடமாட்டேங்கறாங்க.