டர்போ ஸ்லெட்: ஆழமான பவுடர் பனியில் பூஸ்ட் விழுகிறது, ஏர் ஃபில்டரை மாற்றலாமா?

கம்லூப்ஸ்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 850 சிசி டூ-ஸ்ட்ரோக் மலை ஸ்லெட், அதாவது பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல். முன்பு வைத்திருந்தவர் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போ கிட் போட்டிருக்கிறார். பனி இறுகிய டிரெயில் பாதையில் முழு திராட்டில் கொடுத்தாலும் பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், 8 பிஎஸ்ஐ-யில் அசையாமல் நிற்கிறது. ஆனால் இங்கே கனடாவில் ரெவல்ஸ்டோக் பக்கம் போல்டர் மலையில் புதுப் பனி விழுந்த நாட்களில், அதுவும் இன்னொரு ஸ்லெட்டின் பின்னால் போகும்போது, பூஸ்ட் மீட்டர் முள் மெல்ல மெல்ல 5-க்கு இறங்கிவிடுகிறது. இழுவையே இல்லை. நிறுத்தி ஹூடைத் திறந்து பார்த்தால் கூம்பு ஃபில்டரின் முன்பக்கம் முழுக்கப் பனி உறைந்து ஓடு மாதிரி ஒட்டியிருக்கிறது. தட்டிவிட்டால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அப்புறம் பழைய கதைதான்.

இதைவிடப் பெரிய காட்டன் ஃபில்டர் வாங்கலாமா, அல்லது எஞ்சின் பக்கத்திலிருந்து சூடான காற்றையே எடுத்துக்கொண்டால் பனித் தொல்லை தீருமா? ஃபில்டரே வேண்டாம் என்றும் சிலர் சொல்கிறார்கள்.

பவுடர்பிரியன்:

கழற்றி வீசுங்கள். மலை மேலே தூசி ஏது? என் நண்பர்கள் இரண்டு பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள், பூஸ்ட் குறைவதே இல்லை.

டீசல்கை:

தம்பி, தயவுசெய்து வெறும் குழாயோடு ஓட்டாதீர்கள். நான் கோல்டனில் லாரி ஷெட்டில் வேலை செய்கிறேன், டர்போ கழற்றிப் பூட்டுவது அன்றாட வேலை. பனிமலையில் தூசி இல்லை என்பது சரிதான். அதனால்தான் பெரும்பாலான ஸ்லெட்களில் காரில் இருப்பதுபோல் பேப்பர் ஃபில்டர் வைப்பதில்லை, வலையோடு விட்டுவிடுகிறார்கள். ஆனால் டர்போவில் காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சாமான். அந்த வேகத்தில் கடலைப்பருப்பு அளவு பனிக்கட்டி உள்ளே போனால் இறக்கையின் முன்விளிம்பு மடங்கிவிடும். எஞ்சின் அணைந்திருக்கும்போது குழாயைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். விளிம்புகள் கூராக, நேராக இருக்க வேண்டும். மழுங்கியோ பல் விழுந்தோ இருந்தால் ஏற்கெனவே ஏதோ உள்ளே போயிருக்கிறது.

அடுத்து, அடைப்பு என்ன செய்கிறது என்று பாருங்கள். கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 101 கிலோபாஸ்கல். 2,000 மீட்டர் உயரத்தில் ஏறக்குறைய 79.5. அதன் மேல் 8 பிஎஸ்ஐ, அதாவது 55 கிலோபாஸ்கல் சேர்த்தால் ஏறக்குறைய 135. கம்ப்ரசர் காற்றை 1.7 மடங்கு அழுத்தினால் போதும். ஃபில்டர் அடைத்து 8 கிலோபாஸ்கல் போய்விட்டது என்று வையுங்கள். கம்ப்ரசர் வாயில் மிஞ்சுவது 71.5. இது கிட்டத்தட்ட 2,850 மீட்டரில் நிற்பதற்குச் சமம். அதே பூஸ்டுக்கு இப்போது 1.9 மடங்கு அழுத்த வேண்டும். டர்போ இன்னும் வேகமாகச் சுழலும், காற்று இன்னும் சூடாகும், அதற்கு மேல் முடியாதபோது முள் இறங்கும். நீங்கள் பார்ப்பது இதைத்தான். உயரத்தில் குறையும் அழுத்தத்தை ஈடுகட்டத்தான் டர்போவே போடுகிறோம். 2020 மாடலில் ஸ்கி-டூ கம்பெனி டர்போவோடு விட்ட சம்மிட் 850-க்கும், 8,000 அடி வரை 165 குதிரைத்திறன் குறையாது என்பதுதான் பெருமை. அந்தப் பலனை ஃபில்டர் வாசலிலேயே இழக்கக் கூடாது.

சூடான காற்று யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். வெளியே மைனஸ் 10 என்றால், 70 சதவீதத் திறனுள்ள கம்ப்ரசர் 1.7 மடங்கு அழுத்தும்போது காற்று 50 டிகிரிக்குச் சற்று மேல் வரும். ஹூடுக்குள் 20 டிகிரியில் இருக்கும் காற்றைக் கொடுத்தால் அது 90-ஐத் தொடும். டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் கொஞ்சம் குறைக்கும்தான், ஆனால் பங்க்கில் கிடைக்கும் 91 ஆக்டேன் பெட்ரோலில் நாக்கிங், அதாவது பெட்ரோல் தானாகவே வெடித்துத் தட்டுவது, வர அந்தச் சூடு போதும். டூ-ஸ்ட்ரோக்கில் நாக்கிங் என்றால் பிஸ்டன் போச்சு.

எண்ணெய் தடவிய காட்டனும் வேண்டாம். அதில் பொடிப் பனி ஒட்டிக்கொள்ளும், ஹூடுக்குள் இருக்கும் சூட்டில் லேசாக உருகும், பிறகு உறிஞ்சும் குளிர்காற்றில் இறுகிவிடும். நீங்கள் தட்டிவிட்ட ஓடு அப்படி வந்ததுதான்.

சரி, என்ன செய்யலாம்? பனியை ஹூடுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். ஹூடின் மேல்பகுதியில், ஹேண்டில்பாருக்கு முன்னால் உயரத்தில் காற்று வாசல் வையுங்கள். முன்னால் போகிறவர் கிளப்பும் பனி அங்கே குறைவாகத்தான் வரும். வாசலில் நீர் ஒட்டாத, எண்ணெய் போடாத மெல்லிய வலை. வலையின் பரப்பு எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது. உங்கள் எஞ்சின் முழு வேகத்தில் விநாடிக்குச் சுமார் 150 முதல் 200 லிட்டர் காற்றை இழுக்கும். 100 சதுர செ.மீ. வாசலில் அது 15, 20 மீட்டர் வேகம். பக்கத்தில் மிதக்கும் பனியையெல்லாம் இழுத்து வலையில் அப்பிவிடும். 400 சதுர செ.மீ. கொடுத்தால் வேகம் நாலில் ஒரு பங்கு, அழுத்த இழப்பு பதினாறில் ஒரு பங்கு. வலைக்குப் பின்னால் காற்று நின்று நிதானிக்க ஒரு பெட்டி, பெட்டியின் அடியில் உருகிய தண்ணீர் வடிய ஒரு சின்ன ஓட்டை, பெட்டியின் மேல்பாதியிலிருந்து டர்போவுக்குக் குழாய். பெட்டிக்கும் ஹூடுக்கும் நடுவே ஃபோம் வைத்து இறுக்கமாக மூடுங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் சூடான காற்று புகுந்துவிடும்.

இன்னொன்று, யாரும் பேசாத விஷயம். உங்கள் ஸ்லெட்டுக்குள் மணல் போவது மலையில் இல்லை, நெடுஞ்சாலையில். இங்கே குளிர்காலத்தில் சாலையில் மணலும் உப்பும் கொட்டுகிறார்கள். திறந்த டிரெய்லரில் ஸ்லெட்டை ஏற்றிக்கொண்டு லாரிக்குப் பின்னால் வந்தால் அத்தனையும் ஹூட் வாசலுக்குள்தான். உறை போட்டுக் கட்டாமல் கொண்டுபோகாதீர்கள்.

கம்லூப்ஸ்காரன்:

மிக்க நன்றி அண்ணா. பெட்டி செய்யும் வேலையில் இறங்குவதற்கு முன், அடைப்பால்தான் பூஸ்ட் விழுகிறது என்று எப்படி உறுதி செய்வது? குழாயே உறிஞ்சலில் சப்பிப் போகிறதோ என்றும் ஒரு சந்தேகம்.

டீசல்கை:

நல்ல சந்தேகம். குழாய் சப்பினால் டிரெயிலிலும் முழு திராட்டிலில் பூஸ்ட் விழும். உங்களுக்குப் பவுடரில் மட்டும் விழுவதால் பனியின் மேல்தான் எனக்குச் சந்தேகம். ஆனாலும் எஞ்சின் சூடாக இருக்கும்போது அந்தக் குழாயைக் கையால் அமுக்கிப் பாருங்கள். குளிரில் விறைப்பாக இருக்கும் ரப்பர் சூட்டில் தொளதொளக்கும். அமுங்கினால் உள்ளே கம்பிச்சுருள் வைத்த குழாயாக மாற்றுங்கள்.

அளக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. டீசல் லாரிகளில் ஏர் ஃபில்டர் அடைப்பைக் காட்ட ஒரு சின்ன இண்டிகேட்டர் வரும். உறிஞ்சல் அதிகமானால் உள்ளே இருக்கும் மஞ்சள் மிதவை நகர்ந்து, எட்டிய உச்சத்திலேயே நின்றுவிடும். பட்டனை அழுத்தினால் பழைய இடத்துக்கு வரும். லாரி பாகங்கள் விற்கும் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஃபில்டருக்கும் கம்ப்ரசருக்கும் நடுவில் பொருத்திவிட்டு, முதலில் டிரெயிலில் ஒரு ஓட்டம், பட்டனை அழுத்திவிட்டுப் பவுடரில் ஒரு ஓட்டம். லாரியில் மிதவை தண்ணீர்க் கணக்கில் 25 அங்குலத்தைத் தொட்டால் ஃபில்டரை மாற்றிவிடுவோம். அது 6 கிலோபாஸ்கல் சொச்சம். பவுடரில் உங்களுக்கு அதைத் தாண்டினால் பெட்டி செய்யலாம். தாண்டாமலே பூஸ்ட் விழுந்தால் இன்டர்கூலர் பக்கக் குழாய்களில் கசிவு தேடுங்கள்.

இண்டிகேட்டருக்குத் துளை போடும்போது மட்டும் குழாயைக் கழற்றி வெளியே எடுத்து, துருவல் போகக் கழுவித் துடைத்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.