இங்கிலாந்தில் யார் எதை உடுத்தலாம் என்று முடிவு செய்தது அரசனா, துணி வியாபாரியா?

நிலாச்சோறு:
வேறொரு இழையில் ஒரு நண்பர், “பழைய இங்கிலாந்தில் கையில் காசிருந்தால் எதை வேண்டுமானாலும் உடுத்தலாம், உடைக் கட்டுப்பாடெல்லாம் கீழை நாடுகளின் சமாச்சாரம்” என்று போகிற போக்கில் எழுதியிருந்தார். அதற்காகவே இந்த இழை.

மூன்றாம் எட்வர்ட் காலத்தில் 1363-இல் வந்த சட்டத்தைப் பாருங்கள். ஏர் உழுபவன், வண்டிக்காரன், ஆடு மேய்ப்பவன், 40 ஷில்லிங் பெறுமான பொருள்கூட இல்லாதவன் எல்லோரும் 12 பென்சுக்கு மேற்படாத முரட்டுக் கம்பளித் துணிதான் உடுத்த வேண்டும். கைவினைஞர் வீட்டுப் பெண் பட்டு முக்காடு போடக்கூடாது. ரோமம் வைத்துத் தைக்க ஆசையா, ஆட்டுக்குட்டி, முயல், பூனை, நரி, அதோடு சரி. 1463-இல் பிரபுவுக்குக் கீழ்ப்பட்ட எவனும் 2 அங்குலத்துக்கு மேல் கூர்நுனி நீண்ட செருப்பு போடக்கூடாது என்று இன்னொன்று. 1533-இல் எட்டாம் ஹென்றி ஊதாப் பட்டை அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கினார். 1574-இல் எலிசபெத் ராணி போட்ட அறிக்கையில் வெல்வெட் யாருக்கு, சாட்டின் யாருக்கு என்று பட்டம் வாரியாகவே இருக்கிறது. இரண்டரை நூற்றாண்டு, 1604 வரைக்கும், ஆங்கிலேயன் உடம்பில் சட்டம்தான் ஏறி உட்கார்ந்திருந்தது.

தறிநாடா:
நிலாச்சோறு, பட்டியல் பிரமாதம். ஆனால் அந்த 1363 சட்டத்தை அடுத்த பாராளுமன்றமே ரத்து செய்துவிட்டது என்பதை எழுதாமல் விட்டுவிட்டீர்களே? ஒரே தடையை ஐம்பது வருடத்துக்கு ஒருமுறை புதிதாகப் போடுகிறார்கள் என்றால், முந்தையதை ஊரில் யாரும் மதிக்கவில்லை என்றுதானே அர்த்தம்.

அந்தச் சட்டம் ஏன் அப்போது வந்தது என்று யோசியுங்கள். 1348-49 கொள்ளைநோயில் ஊர் ஊராக ஆட்கள் செத்துப்போய், மிச்சமிருந்த கூலியாள் கேட்டதுதான் கூலி என்று ஆகிவிட்டது. கூலியைக் கட்டுப்படுத்த 1351-இல் சட்டம் போட்டும் பலிக்கவில்லை. உழவன் நல்ல துணி வாங்கிப் போட ஆரம்பித்துவிட்டான், அதைப் பார்த்து மேலே இருந்தவர்களுக்கு வயிற்றெரிச்சல். நீங்கள் காட்டும் ஒவ்வொரு சட்டமும் கீழே இருந்தவன் என்ன போட்டிருந்தான் என்பதற்குத்தான் சாட்சி.

நிலாச்சோறு:
மதிக்கவில்லை, மதிக்கவில்லை என்றால் எப்படி? லண்டன் நகர வாயில்களிலேயே ஆள் நிறுத்தி வருகிறவன் போகிறவன் கால்சட்டையைப் பார்த்தார்கள். 1565-இல் ரிச்சர்ட் வால்வின் என்ற வேலைக்காரன், உள்ளே திணிப்பு வைத்து ஊதிப்பெருத்த தொடைச்சட்டை போட்டு வந்தான் என்று பிடித்து, ஒழுங்கான வேறொன்று வாங்கும் வரை காவலில் வைத்திருந்தார்கள். பறித்த சட்டையை ஊரார் பார்க்கும்படி பொது இடத்தில் தொங்கவிட்டார்கள், ஏதோ கொலைக்கருவி மாதிரி. அந்த அவமானத்துக்குப் பயந்தே எத்தனை பேர் முரட்டுத் துணியோடு நின்றிருப்பார்கள்? பயம் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது ஐயா.

அப்புறம் 1571-இல் தொப்பிச் சட்டம். 6 வயதுக்கு மேற்பட்ட சாதாரண மக்கள் ஞாயிறும் பண்டிகை நாளும் இங்கிலாந்தில் செய்த கம்பளித் தொப்பி போட வேண்டும், போடாவிட்டால் நாளுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் அபராதம்.

தறிநாடா:
அந்தத் தொப்பிச் சட்டம் 1597-இல் ரத்தானது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வால்வின் கதை எனக்கும் பிடிக்கும், ஆனால் அதை நான் என் பக்கம் எடுத்துக்கொள்கிறேன். ஒரு வேலைக்காரன் கையில் அப்படி ஒரு கால்சட்டைக்குக் காசு இருந்தது, அதைத் தைத்துக் கொடுக்கத் தையற்காரனும் தயாராக இருந்தான், இரண்டு பேருமே சட்டத்துக்குக் காத்திருக்கவில்லை. கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பாக நிற்குமே ரஃப், அதைப் பரப்பியது எந்த அரச ஆணை? 1564-இல் டிங்கன் என்ற பிளெமிஷ் பெண் லண்டனுக்கு வந்து கஞ்சி போடும் வித்தையைக் காசுக்குக் கற்றுக்கொடுத்தாள். கட்டணம் 4, 5 பவுண்டு, கஞ்சி காய்ச்சும் முறைக்குத் தனியாக 20 ஷில்லிங். அதன் பிறகுதான் அந்தக் காலர் தட்டு மாதிரி விரிய ஆரம்பித்தது. மதவாதிகள் கஞ்சியைச் சாத்தானின் திரவம் என்று திட்டித் தீர்த்தார்கள், காலர் சுருங்கவில்லை.

ஊசிநூல்:
இரண்டு பேரும் சட்டப் புத்தகத்தையே புரட்டிக்கொண்டிருக்கிறீர்கள். தைக்கிறவள் என்ற முறையில் ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன்.

1300-களின் நடுப்பகுதி வரை துணியைச் செவ்வகமாகவும் முக்கோணமாகவும் வெட்டி இணைத்த தொளதொள அங்கிதான் பெரும்பாலும். அதற்குப் பிறகு கைக்குழியை வளைத்து வெட்டிக் கையைத் தனியாகப் பொருத்தவும், வரிசையாகப் பொத்தான் வைத்து உடம்போடு ஒட்டித் தைக்கவும் ஆரம்பித்தார்கள். என்னைக் கேட்டால் நீங்கள் சொல்லும் எல்லா அரசர்களையும் விட இதுதான் பெரிய மாற்றம்.

இன்னொன்று, அங்கே துணிதான் விலை, கூலி மலிவு. ஜார்ஜ் மன்னர்கள் காலத்து, அதாவது 1700-களின், பட்டு கவுன்களில் நீளமான தையல்கள் இருக்கும், எளிதாகப் பிரித்து மறுபடி தைக்க வசதியாக. அருங்காட்சியகத்தில் இருக்கும் கவுன்களில் பழைய ஊசித் துளைகளும் பழைய மடிப்புத் தடமும் தெரியும், இருபது முப்பது வருடம் கழித்து மகளோ மருமகளோ அதே பட்டைப் புது பாணிக்கு மாற்றியிருப்பாள். எஜமானியம்மா கழித்துப்போட்டது வேலைக்காரிக்கு, அவள் விற்றது டவர் கோட்டைக்குப் பக்கத்தில் ரோஸ்மேரி லேன் பழைய துணிச் சந்தைக்கு. வேலைக்காரி நன்றாக உடுத்தியிருந்ததால் அவளையும் சீமாட்டி என்று நினைத்து முத்தமிட்டு வணக்கம் சொல்லிவிட்டேன் என்று எழுத்தாளர் டேனியல் டீஃபோ 1725-இல் புலம்பியிருக்கிறார். பாவம்.

(அந்தக் காலப் பெண்கள் எல்லோரும் மூச்சுத்திணறி மயங்கி விழுந்தார்கள் என்று யாரும் தயவுசெய்து ஆரம்பிக்காதீர்கள். ஜார்ஜிய ஸ்டேஸ் என்பது பெண்கள் உடம்பைத் தாங்கப் போட்ட உள்கச்சு, திமிங்கிலத் தாடையில் இருந்து எடுக்கும் பட்டைகளை வைத்துத் தைத்தது. வயலில் வேலை செய்தவர்களும் தோலில் செய்ததைப் போட்டுக்கொண்டுதான் குனிந்து நிமிர்ந்தார்கள். நாடா கோர்க்கும் துளைக்கு உலோகக் கண் வைத்து இறுக்கிக் கட்டியது அடுத்த நூற்றாண்டுக் கதை.)

சிந்தாதிரி:
தறிநாடா சொல்வதில் பாதியைத்தான் ஒத்துக்கொள்வேன். அந்தஸ்தைப் பார்த்துப் போட்ட சட்டம் தோற்றது, சரி. சரக்கைப் பார்த்துப் போட்ட சட்டம் தோற்கவில்லை. அதற்கு எங்கள் சோழமண்டலக் கரைதான் உதாரணம்.

சாயவேர்ச் சிவப்பில் பூ வரைந்த நம் துணி 1600-களின் கடைசியில் லண்டனில் சீமாட்டி முதல் சமையற்காரி வரை எல்லோர் மேலும் ஏறிவிட்டது. துவைத்தாலும் வண்ணம் போகாது, பட்டை விட மலிவு. லண்டனில் ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பகுதிப் பட்டு நெசவாளர்களும் கம்பளிக்காரர்களும் கொதித்துப்போனார்கள். 1700-இல் இந்திய அச்சுத் துணி இறக்குமதிக்குத் தடைச் சட்டம். அப்போதும் வெள்ளைத் துணியை இறக்கி லண்டனிலேயே அச்சடித்தார்கள். 1719-இல் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பூப்போட்ட காலிகோ (பருத்தித் துணி) உடுத்திய பெண்களைத் துரத்தி உடையைக் கிழித்தார்கள், மை ஊற்றினார்கள், அமிலம்கூட வீசினார்கள். 1721-இல் உடுத்தவே தடை: உடுத்தினால் 5 பவுண்டு, விற்றால் 20 பவுண்டு.

வித்தியாசம் புரிகிறதா? உழவன் வெல்வெட் போட்டால் அக்கம்பக்கத்தானுக்கு நஷ்டமில்லை, அவன் ஏன் காட்டிக்கொடுக்கப் போகிறான்? காலிகோ போட்டால் நெசவாளன் அடுப்பு எரியாது, அவனே காவல்காரன் ஆகிவிட்டான். துறைமுகத்தில் சுங்கக்காரன் வேறு.

தறிநாடா:
கிழித்தார்கள், ஆமாம். பூப்போட்ட துணி ஒழிந்ததா? இல்லவே இல்லை. லினனிலும், லினன் பாவும் பருத்தி ஊடுமாக நெய்த ஃபஸ்டியனிலும் அச்சடித்தார்கள், 1736-இல் ஃபஸ்டியனுக்கு வெளிப்படையாக அனுமதியே கொடுத்துவிட்டார்கள்.

ஏழைப் பெண்கள் உடுத்தியதற்கு ஒரு அபூர்வமான ஆதாரம் இருக்கிறது. 1741-இல் லண்டனில் குழந்தைகளை எடுத்துக்கொள்ள ஆரம்பித்த ஃபவுண்ட்லிங் ஆஸ்பத்திரி என்ற குழந்தைகள் காப்பகத்தில், குழந்தையை விட்டுப்போகும்போது அடையாளத்துக்கு ஒரு துண்டுத் துணியைப் பதிவுத்தாளில் குத்தி வைப்பார்கள். ஆயிரக்கணக்கில் இன்னும் இருக்கின்றன, சாயம்கூட மங்காமல். கொடி, பூ, புள்ளி, பறவை என்று அச்சுத் துணிகள் அதில் ஏராளம். 1767-இல் ஒரு தாய், ஒட்டுத்துணியில் இதயம் ஒன்றைப் பின்னி, அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியைக் கையோடு கொண்டுபோனாள். 1775-இல் அந்தப் பாதியைக் காட்டித் தன் மகனை மீட்டாள். சட்டமும் கலவரமும் நடந்த அதே நகரத்தில், ஒன்றுமில்லாதவர்கள் உடுத்தியது இதுதான்.

சிந்தாதிரி:
அண்ணா, நெகிழ்ச்சியாக இருக்கிறது, ஆனால் கேள்வி பூ இருந்ததா என்பதல்ல, யார் ஊர்ப் பூ என்பது. இங்கிலாந்தில் அச்சடித்த துணி வர வேண்டும் என்பதுதானே தடையின் நோக்கம்? அது நடந்துவிட்டது. 1774-இல் முழுப் பருத்திக்கு அனுமதி கொடுத்தபோதும் இங்கிலாந்தில் நெய்ததற்கு மட்டும்தான், அடையாளமாகக் கரையில் 3 நீல நூல். நம் துணியைக் கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கத்தான் செய்தது, 1734-இல் நெசவாளர்களுக்கென்றே சிந்தாதிரிப்பேட்டையை அமைத்தார்கள், ஆனால் அச்சுத் துணி லண்டனில் இறங்கினாலும் வேறு நாட்டுக்கு ஏற்றுமதி செய்யத்தான்.

நிலாச்சோறு:
ஆக சட்டம் வேலை செய்கிறது என்று சிந்தாதிரியே சொல்லிவிட்டார், நன்றி. 1666 அக்டோபரில் இரண்டாம் சார்லஸ், இனி வெஸ்ட்தான் (கோட்டுக்கு உள்ளே போடும் மேல்சட்டை) என் உடை என்று மந்திரி சபையில் அறிவித்தார், அதைச் சாமுவேல் பெப்பீஸ் நாட்குறிப்பில் எழுதி, கொஞ்ச நாளில் தானும் ஒன்று தைத்துக்கொண்டார். கோட்டு, வெஸ்ட், கால்சட்டை என்று இன்றைக்கும் கல்யாணத்துக்குப் போடுகிறோமே, அதன் மூலம் அங்கேதான். தலைமுடியிலும் விக்கிலும் தூவும் மாவுப் பவுடருக்கு 1795-இல் பிரதமர் பிட் வருடம் 1 கினி (21 ஷில்லிங்) வரி போட்டதும் பவுடரும் போயிற்று.

தறிநாடா:
வெஸ்ட்டைத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். பவுடரைத் தர முடியாது. 1795-இல் ரொட்டி விலை ஏறிக்கிடந்தது, மாவைத் தலையில் கொட்டுகிறவனைப் பார்த்தாலே ஜனங்களுக்கு ஆத்திரம். பாணியே முப்பது வருடமாகத் தேய்ந்துகொண்டுதான் இருந்தது: 1765-இலேயே விக் செய்பவர்கள், “யாரும் விக் வாங்குவதில்லை, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்” என்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரிடம் மனு கொடுக்க ஊர்வலம் போனார்கள். அவர்களில் பலர் சொந்த முடியோடு வந்திருந்ததைப் பார்த்த கூட்டம், தெருவிலேயே பிடித்து அந்த முடியைக் கத்தரித்துவிட்டது. மன்னர் மனுவை வாங்கிக்கொண்டார், விக் திரும்பி வரவில்லை.