ஈராசிரியர் பள்ளியில் சேர்ந்து மூன்று வாரம்: எதை முதலில் பிடிப்பது?

கொங்குப்பொண்ணு:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் ஈரோடு பக்கம். இடைநிலை ஆசிரியர் வேலை கிடைத்து ஆகஸ்ட் முதல் வாரம் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் சேர்ந்திருக்கிறேன். எச்.எம். (தலைமை ஆசிரியர்) 4, 5 வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறார், 1, 2, 3 என் பொறுப்பு, மொத்தம் 26 பிள்ளைகள், மூன்று வகுப்பும் ஒரே ஹாலில்.

பயிற்சியில் சொல்லித் தந்ததெல்லாம் முதல் நாளே காலி. ஒரு பக்கம் உட்கார வைத்தால் இன்னொரு பக்கம் எழுந்து ஓடுகிறது. சாயங்காலம் தொண்டை கட்டி, வீட்டுக்கு போன் பண்ணினால் அம்மா அழுகிறாயா என்று கேட்கிறார். நான் பேசுவதைக் கேட்டு "ஏனுங்க டீச்சர்" என்று கேலி வேறு. திங்கள் வருகிற பிள்ளை புதன் வருவதில்லை. மூன்றாம் வகுப்பில் ஒரு பையன், புத்தகத்தைக் கையில் கொடுத்தால் கடகடவென்று படிக்கிறான், போர்டில் அதே பாடத்திலிருந்து ஒரு சொல்லை எழுதிக் கேட்டால் வாயே திறப்பதில்லை. சரியான பிடிவாதக்காரன். இது போக கல்வித்துறையின் எமிஸ் ஆப்பில் வருகைப் பதிவு, அதற்குக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால்தான் டவர் கிடைக்கிறது. எதை முதலில் பிடிப்பது, எதை விடுவது?

கடைமடை_வாத்தியார்:

வாங்க தங்கச்சி. முத்துப்பேட்டை பக்கம் எனக்கு 19 வருஷம். வருகையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதை மூத்தவர்கள் சொல்லட்டும்.

இங்கே பள்ளிக்கூடத்துக்குக் கல்வித்துறை போடுகிற காலண்டர் ஒன்று, வயல் போடுகிற காலண்டர் இன்னொன்று. ஜூன் 12 மேட்டூரைத் திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கிற கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும், அதனால் உங்கள் பக்கம் நாற்று நடாமல் நேரடி விதைப்புதான் அதிகம், ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் என்று போகும். அதற்கப்புறம் களையெடுப்பு. நூறு நாள் வேலை இருந்தால் அதுவும். அம்மா விடியக்காலையில் கிளம்பிவிட்டால் எட்டு வயதுப் பெண்தான் வீட்டுக்குப் பெரிய மனுஷி, தம்பியைப் பார்த்துக்கொள்ள நின்றுவிடும். வராத பிள்ளைகளின் பெயரை இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள், அதே நாலைந்து பெயர்தான் திரும்பத் திரும்ப வரும். அந்த நாலைந்து வீட்டுக்குப் போங்கள். நாலரை மணிக்குப் போனால் பூட்டுதான் இருக்கும், ஆறு மணிக்கு மேல் போகணும். "ஏன் அனுப்பவில்லை" என்று ஆரம்பிக்காதீர்கள், வாசலில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடியுங்கள், பேச்சு தானாக வரும். தம்பிக்கு இரண்டு வயது ஆகியிருந்தால் அங்கன்வாடியில் விட்டுவிட்டு அக்கா பள்ளிக்கு வரட்டும், ஆயாவிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். என் பள்ளியில் மூன்று பெண் பிள்ளைகள் இப்படித்தான் நிலைத்தார்கள்.

அப்புறம் காலை உணவு. 2023 ஆகஸ்ட் 25-இல் நம்ம திருக்குவளையில் வைத்துத்தான் இதை அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் விரிவாக்கினார்கள். சாப்பாடு போடுகிற நேரத்துக்கு முன்னாலேயே போய்ப் பிள்ளைகளோடு தரையில் உட்காருங்கள். யார் இரண்டாம் தடவை கேட்கிறது, யார் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, யார் ஓடி வந்து மூச்சு வாங்குகிறது என்று அங்கே தெரிகிற அளவு எந்தப் பதிவேட்டிலும் தெரியாது.

வேளாங்கண்ணித் திருவிழா ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 வரை. அந்தப் பதினொரு நாள் வருகை குறைந்தால் பதறாதீர்கள்.

வலங்கைமான்_டீச்சர்:

நான் ஓய்வு பெற்று நாலு வருஷம் ஆகிறதும்மா. உன் கேள்வியில் எனக்குக் கண்ணில் பட்டது அந்தப் பையன்தான். அது பிடிவாதம் இல்லை. என்னிடம் இப்படி ஒருத்தன் இருந்தான். பாடத்தைப் பாட்டு மாதிரி சொல்வான், விரல்கூட வரியின் மேல் சரியாக ஓடும். ஒரு நாள் சும்மா பக்கத்திலிருந்த படத்தை என் உள்ளங்கையால் மூடினேன். நின்றுவிட்டான். கையை எடுத்தேன், மறுபடி ஓடுகிறது. இரண்டு வருஷமாகப் படத்தைப் பார்த்து, பக்கத்துப் பிள்ளை சொல்வதைக் கேட்டு, எழுத்தே தெரியாமல் முழுப் பாடத்தையும் மனதில் ஏற்றி வைத்திருக்கிறான். எவ்வளவு கெட்டிக்காரத்தனம் பார்! நாளைக்கு நீயும் மூடிப் பார்.

அப்படித்தான் என்றால் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடாதே, மூன்றாம் வகுப்புப் பையனுக்கு மானம் பெரிது. தினமும் பத்து நிமிஷம் தனியாகக் கூப்பிடு. நான் அ, ஆ வரிசையில் போக மாட்டேன். ட, ப, ம மூன்றும் கோடு கோடாக எழுத வருகிற எழுத்து, புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரமே சொல்லாகப் படித்துவிடலாம். சொல்லாகப் படித்த பிள்ளை அடுத்த எழுத்தைத் தானே கேட்கும். அரசின் எண்ணும் எழுத்தும் கற்றல் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பதே இதற்குத்தான், வயதைப் பார்க்காமல் பிள்ளை எங்கே நிற்கிறது என்று பார்க்க. ஆனால் அந்த நிலையை ஆப்பில் ஏற்றுவதற்காக ஒரே நாளில் 26 பேரையும் சோதிக்காதே, ஒரு நாளைக்கு மூன்று பேர் போதும்.

சத்தத்துக்கு: சத்தத்தின் மேல் சத்தம் போடாதே, தொண்டை போனால் நவம்பரில் மழை ஈரத்தில் திரும்ப வராது. பேசுவதற்கு முன்னால் கையில் வேலை கொடு. மூன்றாம் வகுப்புக்கு எழுதுவதற்கு ஒன்று, இரண்டுக்குப் புளியங்கொட்டை எண்ண ஒன்று, அப்புறம் ஒன்றாம் வகுப்போடு தரையில் நீ உட்கார். மூன்று வகுப்புக்கும் ஒரே நேரத்தில் பாடம் நடத்த நினைத்தால் ஒருத்தருக்கும் நடக்காது. மெதுவாகப் பேசு, கேட்க வேண்டுமென்றால் அதுகளே அடங்கும். ஒரு வாரத்தில் அடங்காது, ஒரு மாதம் கொடு.

கேலி செய்தால் என்ன, "ஏனுங்க"வுக்கு உங்க ஊரில் என்ன சொல்வீங்க என்று கேள். அன்றைக்கு முழுக்க அதுகள் உனக்கு டீச்சர்.

நேர்பட_பேசு:

இதெல்லாம் பேச நன்றாக இருக்கும். கையில் ஒரு குச்சி இருந்தால் 26 என்ன, 60 பேரும் அமைதியாக இருப்பார்கள். நாங்கள் எல்லாம் அடி வாங்கித்தான் படித்தோம். பெற்றவர்களே "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்றுதான் சொல்கிறார்கள்.

வலங்கைமான்_டீச்சர்:

சொல்வார்கள் தம்பி, என்னிடமும் சொன்னார்கள். பிள்ளை கையில் வீங்கி வந்தால் அவர்களே வந்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன், நிற்கவும் வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-ஆவது பிரிவு அடிக்கவும் கூடாது, மனதைப் புண்படுத்தவும் கூடாது என்கிறது. சட்டம் கிடக்கட்டும், ஏற்கெனவே புதன்கிழமை வராத பிள்ளையை அடித்தால் வியாழக்கிழமையும் வராது. முதல் வருஷம் நானும் குச்சி வைத்திருந்தேன். அதனால்தான் சொல்கிறேன்.

எஸ்ஆர்_நோட்டு:

யாரும் சொல்லாத ஒன்று. சான்றிதழ்கள் போலி இல்லை என்கிற உண்மைத்தன்மைச் சான்று வரும் வரை சம்பளம் இழுக்கலாம், எனக்கு இழுத்தது. அலுவலகத்தில் "வரும், வரும்" என்பார்கள். மூன்று நாலு மாத வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வீட்டிலேயே சொல்லி வையுங்கள், கடன் ஆப் பக்கம் போகாதீர்கள். பணி நியமன ஆணை, சேர்ந்த அறிக்கை எல்லாவற்றிலும் இரண்டு நகல் உங்களிடம் இருக்கட்டும். பணிப்பதிவேட்டில் முதல் பக்கப் பதிவுகளை, பெயர், பிறந்த தேதி, இனிஷியல் உட்பட, உங்கள் கண்ணால் பாருங்கள். இனிஷியல் தப்பைத் திருத்த நான் எத்தனை தடவை அலைந்தேன் என்று சொன்னால் தனி இழை வேண்டும்.

டவர் பிரச்சினைக்குக் கொடிக்கம்பம்தான் வழி.

கடைமடை_வாத்தியார்:

இன்னொன்று, மழைக்கு முன்னால். எச்.எம்.மோடு சேர்ந்து ஒரு நாள் பள்ளியைச் சுற்றி வாருங்கள். சுவரில் விரிசல், ஓடு நகர்ந்த இடம், ஈரம் இறங்கும் ஸ்விட்ச் போர்டு. பக்கத்தில் வாய்க்காலோ குளமோ இல்லாத பள்ளி நம்ம பக்கம் குறைவு, தண்ணீர் வந்துவிட்டால் மதியச் சாப்பாட்டுக்குத் தட்டு கழுவப் பிள்ளைகள் அங்கே ஓடும், முதல் நாளிலிருந்தே கூடாது என்று நிறுத்துங்கள். சமையல் கூடத்தையும் பாருங்கள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்தில் சமையல் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் போன பிறகு, அடுப்புக்குப் பக்கத்தில் ஓலையோ வைக்கோலோ கிடப்பதைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும். பழுது இருந்தால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதுங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், வாய்ப்பேச்சாக விட்டால் நிற்காது.

கொங்குப்பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

டீச்சரம்மா, படத்தை மூடினேன். நின்றுவிட்டான். அவன் என் முகத்தைப் பார்த்தான், எனக்குத்தான் குற்ற உணர்ச்சி, பிடிவாதம் என்று இங்கே எழுதி வைத்ததை நினைத்து. நேற்று போர்டில் "மட்டம்" என்று எழுதினேன், அவனாகக் கூட்டிப் படித்துவிட்டு, "பட்டத்துல ப-வ எடுத்துட்டு ம போட்டுட்டீங்க" என்றான்.

வராதவர் நோட்டில் ஐந்து பெயர் வந்தது. இரண்டு வீட்டுக்குப் போய்விட்டேன், ஒரு வீட்டில் வாய்க்கால் மீன் குழம்பு ஊற்றி உட்கார வைத்துவிட்டார்கள், நான் சைவம், எப்படிச் சமாளித்தேன் என்று கேட்காதீர்கள். சத்தம் அப்படியேதான் இருக்கிறது.

ஒரே ஒரு கேள்வி. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் டவுனுக்குப் பஸ் இல்லை, வீட்டுக்கு வீடு போக வேண்டுமென்றால் ஸ்கூட்டி இருந்தால் நல்லது. இப்போதே வாங்கலாமா?

கடைமடை_வாத்தியார்:

கார்த்திகை முடியட்டும். அதுவரைக்கும் அந்த ரோட்டில் நாங்களே வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் வருவோம்.