மும்பை செம்பூர் பக்கம் நாய்க்கு நல்ல டாக்டர்: எதை வைத்து முடிவு செய்தீர்கள்?

செம்பூருக்குப் புதுசு:
திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டில் மூன்று வயது நாட்டு நாய், பெயர் முறுக்கு (வாலைப் பார்த்தால் புரியும்). போன வாரம் சாப்பாட்டைத் தொடவில்லை, உடம்பு சுட்டது, பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். டாக்டர் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தே பார்த்துவிட்டு, எடைகூடப் போடாமல் இரண்டு ஊசி குத்தி அனுப்பிவிட்டார். என்ன ஊசி என்று கேட்டால் "காய்ச்சலுக்குத்தான்". சீட்டில் ஒன்றும் இல்லை. 1,200 ரூபாய். மறுநாளே துள்ளிக் குதித்தான், ஆனாலும் மனசு கேட்கவில்லை. கூகுளில் பார்த்தால் எல்லா கிளினிக்குக்கும் நட்சத்திரம் கொட்டிக்கிடக்கிறது. நீங்கள் எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள்?

மாட்டுங்கா அக்கா:
மறுநாளே துள்ளினான் என்பதுதான் எனக்கு உதைக்கிறது. ஸ்டீராய்டு போட்டாலும் அப்படித்தான் துள்ளும், இரண்டு நாள் கழித்து மறுபடி படுக்கும். அது தெரியாமல் அடுத்த டாக்டர் மெலாக்சிகாம் மாதிரி வலி மருந்து கொடுத்தால் இரண்டும் சேர்ந்து வயிற்றைப் புண்ணாக்கிவிடும், அதனால் அங்கேயே திரும்பப் போய் ஊசி பெயரை எழுதி வாங்குங்கள், கூச்சப்படாதீர்கள். நான் டாக்டரைப் பார்ப்பதே இதை வைத்துத்தான்: எடை போடுகிறாரா (மருந்தின் அளவே கிலோ கணக்குதான்), ஈறையும் காதையும் தொட்டுப் பார்க்கிறாரா, கொடுத்ததை எழுதுகிறாரா. காய்ச்சலோடு உண்ணியும் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்து பிளேட்லெட் பார்க்காமல் விடுபவரிடம் நான் இரண்டாம் தடவை போக மாட்டேன். அப்புறம், மழைக்கு முன்னால் லெப்டோ (எலிக்காய்ச்சல்) தடுப்பூசி பற்றி அவராகவே கேட்க வேண்டும். இங்கே மழைத் தண்ணீரில் எலி மூத்திரம் கலந்துதான் ஓடும், நாய்க்கு வந்தால் நமக்கும் தொற்றும்.

பரேல் பக்தன்:
பரேலில் பை சாகர்பாய் தின்ஷா பெடிட் ஆஸ்பத்திரி இருக்கிறது, 1883-இல் ஆரம்பித்தது. கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதே வளாகத்தில்தான். காத்திருக்க வேண்டும், ஆனால் மாணவர்கள் சுற்றி நின்று ஒன்றுக்குப் பத்து கேள்வி கேட்பதால் எதுவும் விட்டுப்போகாது என்பது என் அனுபவம். மகாலக்ஷ்மியில் டாடா டிரஸ்ட்ஸ் ஆஸ்பத்திரி 2024-இல் திறந்தார்கள். பெரிய ஆபரேஷன், ஸ்கேன் என்றால் அந்தப் பக்கம் விசாரியுங்கள்.

இரவு டியூட்டி:
பரேல் எல்லாம் சரி சார், நாய் மூச்சுக்குத் திணறும்போது சயான் சிக்னலில் நின்று பாருங்கள், அப்போது தெரியும். டாக்ஸிக்காரர் நாயைப் பார்த்ததும் கிளம்பிவிடுவார், அது வேறு. தினசரிக்குப் பத்து நிமிடத்தில் போகிற மாதிரி ஒருவர், பெரிய விஷயத்துக்கு ஆஸ்பத்திரி. பக்கத்து டாக்டரிடம் முதல் நாளே "ராத்திரி இரண்டு மணிக்கு என்றால் எங்கே போவது?" என்று கேளுங்கள். நான் கேட்ட மூன்று பேரில் ஒருவர்தான் சட்டென்று இடத்தைச் சொல்லி நம்பரும் எழுதிக் கொடுத்தார், இன்றுவரை அவரிடம்தான் போகிறோம்.

செம்பூருக்குப் புதுசு:
நன்றி அக்கா, சார். நாளைக் காலையில் முதல் வேலையாக அந்த ஊசி பெயரை வாங்குகிறேன். கழுத்தடியில் இரண்டு உண்ணியும் இருந்தது, ரத்தமும் பார்த்துவிடலாம். ஒரே பிரச்சினை, இவன் எடை மிஷினில் ஏறவே மாட்டான்.

மாட்டுங்கா அக்கா:
நீங்கள் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். அப்புறம் உங்கள் எடையைக் கழியுங்கள், அதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.