எடித் நெஸ்பிட்டை நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாமா?

கேள்வி (கோத்தகிரி)

எங்கள் ஊரில் சனிக்கிழமைதோறும் சிறுவர் வாசிப்பு வட்டம் நடத்துகிறேன். வருகிறவர்களில் பெரும்பாலோர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள். ஹாரி பாட்டர் படங்களைப் பார்த்துவிட்டு மாயக்கதை கேட்கிறார்கள். இவ்வகைக் கதைகளுக்கு முன்னோடி ஆங்கில எழுத்தாளர் எடித் நெஸ்பிட் (1858–1924) என்கிறார்கள். அவருடைய செல்வாக்கு உண்மையிலேயே அவ்வளவு பெரிதா, அல்லது பழைய புத்தகப் பிரியர்கள் ஏற்றிச் சொல்வதா?

பதில் 1 (குன்னூர்)

பெரிதுதான், ஐயா. 1902இல் வெளிவந்த ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ நாவலில், சரளைப் பள்ளத்தைத் தோண்டும் பிள்ளைகளுக்கு வரம் தரும் மணல் தேவதை ஒன்று அகப்படுகிறது. பொழுது சாய்ந்ததும் வரம் கலைந்துவிடும். அதற்குள் அவர்கள் படும் பாடுதான் கதை. பொற்காசு கேட்டால் பள்ளம் நிறையக் கிடைக்கிறது, ஆனால் செல்லாத பழங்காசு என்று கடைக்காரர்கள் வாங்க மறுக்கிறார்கள். மாயத்தை அன்றாட வாழ்வுக்குள் கொண்டுவந்து, அதற்குக் கறாரான விதியும் வகுத்ததே பின்வந்தவர்கள் அவரிடமிருந்து பெற்றது. எட்வர்ட் ஈகரின் ‘ஹாஃப் மேஜிக்’கில் (1954) கேட்டதில் பாதிதான் பலிக்கும், அக்கதையின் பிள்ளைகளே நெஸ்பிட்டின் வாசகர்கள். சி. எஸ். லூயிஸ் ‘தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ’வின் (1955) தொடக்கத்திலேயே நெஸ்பிட் படைத்த பாஸ்டபிள் பிள்ளைகளைக் குறிப்பிடுகிறார். அலமாரி வழியே மாய உலகுக்குப் போகும் சிறுகதையை நெஸ்பிட் 1908இலேயே எழுதியிருந்தார். லூயிஸின் நார்னியா கதைகளில் மாய உலகுக்கு வழியாகும் அலமாரி அங்கிருந்துதான் வந்தது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன்.

பதில் 2 (உதகை)

செல்வாக்கை நான் மறுக்கவில்லை, தயக்கம் வேறு. ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ நாவலில், மாயம் வேலைக்காரர்களின் கண்ணில் படக் கூடாது என்று பிள்ளைகள் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். எஸ்டேட் பங்களாவில் பாத்திரம் தேய்க்கும் தாயின் மகள் அந்த இடத்தை எப்படிப் படிப்பாள்?

பதில் 3 (கூடலூர்)

அதை அந்தப் பெண்ணிடமே கேட்கலாம், அம்மா. நல்ல விவாதமாக அமையும். நெஸ்பிட் 1884இல் ஃபேபியன் சங்கம் என்ற பிரிட்டிஷ் சோஷலிச அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். ‘தி ஸ்டோரி ஆஃப் தி அம்யூலட்’டில் (1906) லண்டனுக்கு வரும் பாபிலோன் ராணி, தெருவில் கண்ட உழைப்பாளிகளை அடிமைகள் என்றே எண்ணி, இவர்களை ஏன் இவ்வளவு மோசமாக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறாள். ஆனால் அதே நூலில் யூதர்களைச் சித்திரித்த விதம் இழிவானது, அப்பகுதியை விட்டுவிடுங்கள். பொற்காசு அத்தியாயத்தைத் தமிழில் சொல்லித் தொடங்கலாம். ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், இந்தியாவில் அதை மொழிபெயர்க்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.